அந்தப் படத்தின் கீழே இரண்டு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், நெப்டியூனுக்கு அப்பால் இருக்கலாம் என்று கணிக்கப்படும் ஒன்பதாவது கோளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'பத்து வருடமாகத் தேடியும் கிடைக்காத ஒன்றை வைத்து வானியலாளர்கள் காட்டும் கண்கட்டு வித்தை' என்று அதில் ஒரு வரி. இன்னும் மனது ஆறவில்லை.

2016 ஜனவரியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானியலாளர்கள் கான்ஸ்டன்டின் பட்டீகினும் மைக் பிரௌனும் தங்கள் ஆய்வை வெளியிட்டபோது 'புதிய கோள் கண்டுபிடிப்பு' என்று முழுப் பக்கம் போட்டது உங்கள் இதழ்தான். கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் செட்னா போன்ற சில சிறிய பொருட்களின் பாதைகள் ஏறக்குறைய ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன. பூமியைப் போல சுமார் பத்து மடங்கு நிறையுள்ள ஒரு கோள் இழுத்தால் அப்படி அமையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அது கணிப்பு. அன்றே இதைக் கடிதமாக எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன். சொல்லாததைச் சொன்னதாக அன்று எழுதிவிட்டு, இன்று அவர்கள் மேலேயே பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

தேடுவது என்றால் என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சிறிய தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நெப்டியூனைப் பார்க்க ஆசைப்பட்டேன். எங்கே இருக்கிறது என்று தெரியும், வான்படம் கையில் இருந்தது. அப்படியும் நான்கு இரவுகள் பிடித்தன. எல்லாமே ஒரே மாதிரிப் புள்ளிகள். நோட்டில் வரைந்து வைத்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. அதன்பிறகுதான் நம்பினேன்.

அதே நெப்டியூனை, ஒன்பதாவது கோளுக்கு 2016-இல் சொன்னதுபோல 20 மடங்கு தொலைவில் வைத்தால் என்ன ஆகும்? சூரிய ஒளி அங்கே போகும்போதும் மங்குகிறது, பட்டுத் திரும்பி வரும்போதும் மங்குகிறது. 20-ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும்: 1,60,000 மடங்கு மங்கல். ஒன்பதாவது கோளோ நெப்டியூனைவிடச் சிறியதாக இருக்கலாம். ஒருமுறை சுற்றிவரப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இப்போது பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. பால்வீதி நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கஷ்டம். பிரௌனே 2024-இல், தாங்கள் கணித்த சாத்தியங்களில் 78 சதவீதத்தைத் தேடிக் கழித்தாயிற்று என்று வெளிப்படையாக எழுதினார். கண்கட்டு வித்தைக்காரர் யாராவது அப்படிக் கணக்கு ஒப்பிப்பாரா?

கோள் இருந்தே தீரும் என்று நான் வாதாடவில்லை. பாதைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதுபோலத் தெரிவது, நாம் வானத்தின் சில பகுதிகளை மட்டும் அதிகம் பார்த்ததால் வந்த தோற்றம் என்று சொல்லும் வானியலாளர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியர் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1846-இல் அவர் கணக்கிட்ட இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் பெர்லினில் நெப்டியூன் கிடைத்தது. அதே மனிதர், புதனின் பாதை கணக்கோடு சற்றே பிசகுவதைப் பார்த்து, புதனுக்கும் சூரியனுக்கும் இடையே வல்கன் என்று ஒரு கோள் இருக்கும் என்றார். பல வருடம் தேடினார்கள். கடைசியில் 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை வந்து அந்தப் பிசகை விளக்கியதும், அப்படி ஒரு கோளே தேவையில்லை என்று ஆனது. அதற்காக லெவெரியரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை.

எழுத ஆரம்பித்ததும் பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் வகையில் சேர்த்தபோது 'புளூட்டோ காணாமல் போனது' என்று தலைப்பு வைத்தீர்கள். 2012-இல் நிபிரு என்ற கோள் பூமியில் மோதப்போகிறது என்ற புரளியை ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்து அச்சிட்டீர்கள். அந்த வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "சார், டிசம்பருக்கு அப்புறம் பரீட்சை இருக்குமா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பெரிய கோள் அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தால் இந்நேரம் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று விளக்கிப் புரியவைக்க ஒரு பாடவேளை முழுக்கப் போனது. ஜனவரி இதழில் ஒரு வரி வருத்தம் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. கட்டுரையோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள்: கருநீல உருண்டை, பின்னால் பொட்டளவு சூரியன். 2016-இலும் இதே படம்தான். அதைப் புகைப்படம் என்று நம்பி என் பேரன், "தாத்தா, படமே எடுத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் தேடுகிறார்கள்?" என்று கேட்டான். அடுத்த முறை அதன் கீழே 'கற்பனை ஓவியம்' என்று இரண்டு சொல் போடுங்கள். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. தெற்கு வானத்தைப் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம்பிடிப்பதுதான் அதன் வேலை. ஒன்பதாவது கோளைப் பற்றிய பேச்சு அதனால் மறுபடி எழும். ஆகவே அந்த அடுத்த முறை சீக்கிரமே வரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்