நட் தேய்ந்ததற்காக மெஷினை ஓரங்கட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

சின்னப் பட்டறைகளிலும் சில பயிற்சிக் கூடங்களிலும் மரம் செதுக்கும் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) ரவுட்டர், சின்ன மில்லிங் மெஷின் எல்லாம் துணி போர்த்தி மூலையில் நிற்பதைப் பார்க்கிறேன். என்ன கோளாறு என்று கேட்டால் பல இடங்களில் ஒரே பதில்தான்: லீட் ஸ்க்ரூவில் (மெஷினின் ஸ்லைடை, அதாவது நகரும் பகுதியை, நகர்த்தும் நீளமான திருகு) ஓடும் பித்தளை நட் தேய்ந்துவிட்டது, அந்த அளவில் வேறு நட் கிடைக்கவில்லை, ஸ்க்ரூவோடு சேர்த்து முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். ஒரு நட்டுக்காக மெஷினே முடங்கிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதுவும் அந்த நட்டைப் பட்டறையிலேயே பிளாஸ்டிக்கில் செய்துகொள்ள முடியும் என்கிறபோது.

நட் தேய்ந்தால் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது டயல் நகரும், ஸ்லைடு நகராது; இதைத்தான் ஆட்டம் என்கிறோம். கையால் ஓட்டுகிறவர் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து அளவு பிடித்துச் சமாளித்துவிடுவார். கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில், மோட்டார் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டம் வேலையில் விழும். வட்டம் வெட்டச் சொன்னால் நாலு பக்கமும் சின்னச் சின்னத் தட்டை விழுந்து நிற்கும்.

இதற்கு ஏற்ற பிளாஸ்டிக் டெல்ரின். வழுக்கும், தேய்மானம் குறைவு, தண்ணீரை அதிகம் இழுக்காது. நைலான் ஈரத்தை இழுத்து உப்பிவிடும், மழைக்காலத்தில் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். செய்முறை இதுதான்: அதே ஸ்க்ரூவில் ஒரு துண்டு, நுனியில் வெட்டி எடுத்ததாக இருந்தாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். (மெஷினில் ஓடும் நல்ல ஸ்க்ரூவை நெருப்பில் காட்டாதீர்கள், வளைந்தால் எல்லாம் போச்சு.) அந்தத் துண்டை இரண்டு டெல்ரின் கட்டைகளுக்கு நடுவே வைத்து வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) லேசாகப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவின் இரு முனைகளையும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி, சுமார் 175 டிகிரியில் பிளாஸ்டிக் இளகத் தொடங்கியதும் வைஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்தால், அரக்கில் முத்திரை பதிகிற மாதிரி மரை அப்படியே பதிந்துவிடும். அவசரப்படக் கூடாது, தானாக ஆறட்டும். ஆறியதும் ஸ்க்ரூவை ஸ்பேனரால் பிடித்துத் திருப்பினால் சட்டென்று விடுபடும், அப்புறம் டிரில்லிங் மெஷினில் மாட்டி முன்னும் பின்னும் ஓட்டிவிட்டால் இழைந்து ஓடும், ஆட்டமே இருக்காது. நாளாகித் தேய்ந்தாலும் கவலையில்லை, இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு போல்ட் போட்டிருந்தால் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாம்.

இதில் டேப் (நட்டுக்குள் மரை வெட்டும் கருவி) தேவையில்லை என்பதுதான் பெரிய விஷயம். பல 3டி பிரிண்டர்களில் வரும் 8 மிமீ ஸ்க்ரூவில் மரை இடைவெளி 2 மிமீதான், ஆனால் நாலு மரை சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 8 மிமீ நகரும். அதற்கான டேப்பை உள்ளூர்க் கடையில் தேடி அலைவதை விட இது சுலபம்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். டெல்ரினைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண் எரியும், மூச்சு முட்டும். அது தீப்பிடித்தால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக எரியும். திறந்த இடத்தில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பிவிசி குழாய்த் துண்டை இதற்குத் தொடவே கூடாது, அதன் புகை அமிலப் புகை. தலைக்கு மேல் பாரம் தாங்கும் இடத்திலும், பெரிய லேத்தில் மரை வெட்டும்போது பிடிக்கும் நட்டுக்கும் பிளாஸ்டிக் ஆகாது, அங்கே வெண்கலம்தான்.

ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் மேற்பார்வையில் இதை ஒரு செய்முறைப் பாடமாகவே வைக்கலாம். ஆட்டம் என்றால் என்ன, அதை எப்படி எடுப்பது என்பதைக் கையால் செய்து பார்த்தால் அவர்களுக்குப் பதியும், கூடத்தில் தூங்கும் மெஷினும் ஓடும். பயிற்சித் துறை அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் படங்களுடன் ஒருமுறை வெளியிட்டால், டார்ச்சும் வைஸும் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களும் செய்து பார்ப்பார்கள்.

லேத் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.