தடை கேட்டு மனு எழுதும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படத் தொடர்களில் நம் தெய்வங்கள் இழிவுபடுத்தப்படுகின்றன என்று கையெழுத்துத் திரட்டும் பக்த அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

நானும் கோயிலுக்குப் போகிறவன், பிரதோஷத்தைத் தவறவிடாதவன். அனிமேயும் விரும்பிப் பார்க்கிறவன். உங்கள் பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு மனுவும் 'நீக்கு, நிறுத்து, தடை செய்' என்றே முடிகிறது. அதனால் நாம் இழப்பது எவ்வளவு என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

'ரெக்கார்ட் ஆஃப் ரக்னராக்' தொடரிலிருந்தே தொடங்குகிறேன். 2021இல் நெட்ஃபிளிக்ஸ் அதைப் பல நாடுகளில் வெளியிட்டது, இந்தியாவில் வெளியிடவில்லை. மனித குலத்தை அழிக்கத் தீர்மானிக்கும் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் நடக்கும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகள்தாம் கதை. அதில் சிவன், ரைடன் என்ற சுமோ வீரரோடு மோதுகிறார். நீல மேனி, நான்கு கைகள். தாண்டவம் உச்சத்துக்குப் போகப்போக அவர் உடலே தீப்பற்றி எரிகிறது. இறுதியில் வெற்றி அவருக்கே. கடவுளை மனிதனோடு மல்லுக்கு நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். அர்ச்சுனனோடு வேடனாக வந்து கட்டிப் புரண்டவர் யார்? அந்தச் சண்டைக்குப் பிறகுதானே பாசுபதம் கிடைத்தது? மதுரையில் பிட்டுக்கு மண் சுமக்கப் போய்ப் பாண்டியனிடம் பிரம்படி வாங்கியதை ஆவணி மாதம்தோறும் திருவிழா எடுத்துக் கொண்டாடுகிறோமே! அடிபடும் ஈசனை நெஞ்சாரக் கொண்டாடும் ஊர்க்காரர்கள், போரில் வெல்லும் ஈசனைக் கண்டு பதறுவது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. ஜப்பானியர்கள் வரையும் தெய்வங்களில் பெரும்பாலானவை நேற்று நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவை அல்ல. அவை அவர்கள் ஊர்க் கோயில்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழிபாட்டில் இருப்பவை. கியோத்தோவில் தோ-ஜி என்ற கோயிலின் விரிவுரை மண்டபத்தில், 839இல் கண் திறக்கப்பட்ட சிலைத் தொகுதி ஒன்று இருக்கிறது. நான்முகன் அங்கே நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரையில் அமர்ந்திருக்கிறான். இந்திரன் யானைமேல் ஒரு காலை மடித்து மறு காலைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருக்கிறான். அவர்கள் அவனைத் தாய்ஷாகுதென் என்கிறார்கள். 'ஜுஜுட்சு கைசென்' தொடரில் கோஜோ சதோரு தன் பேராற்றலை வெளிப்படுத்தும்போது ஆட்காட்டி விரலின்மேல் நடுவிரலைப் பின்னிக் காட்டுவான். அது அந்த இந்திரனுக்குரிய முத்திரை. எதிரி சுகுனா கைகூப்புவதுபோல் காட்டுவது எமனின் முத்திரை. வரைந்தவர் இதற்காக இந்தியாவிலிருந்து எதையும் களவாட வேண்டியதில்லை. அவர் நாட்டுப் பூசாரிகள் இன்றும் கையில் பிடிக்கிற முத்திரைகள் அவை.

அந்தக் கோயிலின் மரபை ஜப்பானில் நிறுவியவர் குக்காய். 804இல் சீனாவுக்குக் கடல் கடந்து போய்க் கற்றுத் திரும்பியவர். அவருடைய குருவின் குரு அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிச் சீனம் சென்றவர். காஞ்சிப் பல்லவ அரசோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சீன வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அதாவது, அந்த முத்திரைகள் ஜப்பான் போய்ச் சேர்ந்த பாதையில் நம் கடற்கரையும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்து ஆசான் ஒருவர் மனமுவந்து கொண்டுபோய்க் கொடுத்ததை, இன்று திருப்பிக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நமக்கு வலிக்கக்கூடியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோ-ஜியின் அதே மண்டபத்தில் கோசான்சே என்ற உக்கிர மூர்த்தி நிற்கிறார். அவர் கால்களின் கீழே மிதிபட்டுக் கிடப்பவர்கள் மகேசுவரனும் உமையும். பௌத்தம் சைவத்தை வென்றதாகக் காட்டும் சிலை அது. கதையும் ஜப்பானில் பிறந்ததில்லை. இந்தியத் தாந்திரிக பௌத்த நூல்களில் பிறந்தது. சைவனான எனக்கு அது உவப்பான காட்சி இல்லை. ஆனாலும் அதை உடைக்கச் சொல்லி யாரும் மனு எழுதவில்லை, எழுதவும் கூடாது. சமயங்கள் ஒன்றோடொன்று மோதியும் கலந்தும் வந்த வரலாறு அந்த மரச்சிலையில் இருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்த நம்மால் அனிமேயில் வரும் ஒரு சிவனைத் தாங்க முடியாதா?

'நருட்டோ' தொடரில் இந்திரனும் அசுரனும் அண்ணன் தம்பிகள், தம்பி அசுரனே நல்லவன். நம் புராணத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று கோபிக்க இடமுண்டு. நரா நகரின் கோஃபுகு-ஜி கோயிலில் 734ஆம் ஆண்டைச் சேர்ந்த அசுரன் சிலையின் படத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் தணிந்துவிடும். மூன்று முகம், ஆறு கை, பூங்கொம்பு போன்ற மெல்லிய தோள். முன்முகத்தில் புருவம் இலேசாக நெரிந்து, எதற்கோ வருந்தும் சிறுவனின் பார்வை. இப்படி ஓர் அசுரனைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, அசுரன் நல்லவனாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

நீக்கச் சொல்லும் மனு எந்தப் பக்கம் வெட்டும் என்பதற்கு ஸ்வஸ்திகமே சாட்சி. ஜப்பானில் அது பௌத்தக் கோயிலின் குறி. வரைபடங்களில்கூடக் கோயில் இருக்கும் இடத்தை அதுதான் காட்டும். மேலை நாட்டவர் கண்ணுக்கு அது ஹிட்லரின் சின்னமாகவே படுகிறது. 1999இல் போக்கிமான் விளையாட்டு அட்டை ஒன்றில் இருந்த அந்தக் குறிக்கு எதிராக அமெரிக்காவில் புகார் எழ, நிண்டெண்டோ அந்த அட்டையையே நிறுத்தியது. நருட்டோவின் மங்கா (படக்கதை) வடிவத்தில் நெஜி என்ற பாத்திரத்தின் நெற்றியில் ஸ்வஸ்திகம் இருக்கிறது. அனிமேயில் அது வெறும் பெருக்கல் குறி. நம் வாசற்படியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து எழுதும் சின்னத்தைத் துடைத்தெறிந்தது எது? 'எங்கள் மனம் புண்படுகிறது, நீக்குங்கள்' என்ற கோரிக்கைதான். அதே வாசகத்தை நாமும் எடுத்தால், அடுத்த முறை நம் சின்னம் நீக்கப்படும்போது என்ன சொல்லி வாதாடுவோம்?

எல்லாப் புகாரும் தவறு என்று நான் சொல்லவில்லை. 2008இல் 'ஜோஜோ' அனிமேயில் வில்லன் டியோ புரட்டும் புத்தகத்தின் பக்கத்தில் குர்ஆனின் உண்மையான வசனங்கள் இருந்ததை முஸ்லிம் ரசிகர்கள் சுட்டிக்காட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே எடுத்துப் போட்டிருந்தார்கள். பதிப்பகமும் தயாரிப்பு நிறுவனமும் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தின. அது நியாயமான புகார். தவறு எந்தக் காட்சியில், எந்தப் பக்கத்தில் என்று துல்லியமாகக் காட்டியது. 'எவாஞ்செலியன்' முழுக்கச் சிலுவைகள் வருகின்றன. ஜப்பானில் அரிதான சமயம் என்பதால், பார்க்க மர்மமாக இருக்கும் என்றுதான் அவற்றைச் சேர்த்தோம் என்று அதன் துணை இயக்குநரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிறித்தவ அன்பர்களுக்கு அது நெருடலாம், நியாயமே. அலங்காரத்துக்காக எடுத்தாள்வதும் உள்வாங்கி மறுபடி படைப்பதும் ஒன்றில்லை. உங்கள் மனுக்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவை நினைவிருக்கிறதா? 1980களில் அவர் இராமாயணத்தை எடுக்கப்போகிறார் என்று செய்தி வந்ததும், அந்நியர் எப்படி எடுக்கலாம் என்று டெல்லியில் ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் போனது. அவர் ராம் மோகன் போன்ற இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து அந்த அனிமேயை எடுத்து முடித்தார். 2025 ஜனவரியில் அது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இங்கே திரையரங்குகளுக்கு வந்தது. அன்று அந்தக் கடிதம் வென்றிருந்தால், இலங்கைப் போரை அவ்வளவு அழகாகக் கையால் வரைந்த படம் இல்லாமலே போயிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மனுவை எழுதும் முன் தொடரை முழுவதும் பாருங்கள். தவறு இருந்தால் எந்த அத்தியாயம், எந்தக் காட்சி, எது பொருந்தவில்லை என்று எழுதுங்கள். என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடைக்குப் பதில் தமிழ்க் குரல்பதிவு கேளுங்கள். அத்தியாய இறுதியில் அந்தத் தெய்வத்தின் மூலக் கதையை இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லி ஒளிபரப்பு நிறுவனங்களிடம் கேளுங்கள். அதைச் சொல்லிக் கொடுக்கும் தகுதி உங்கள் அமைப்புகளில் இருக்கும் பெரியவர்களுக்கு இருக்கிறது.

அன்புடன்,
அனிமே பார்க்கும் ஒரு சிவபக்தன்