போன் நகரத்து ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போவோம், அப்பா

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே படித்தால் தெரியும்.

போன வாரம் ஃபோனில் அத்தை வீட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசியபோது, "பாரிஸைப் பார்க்கலாம், சரி. அங்கிருந்து ஒயின் காய்ச்சுகிற ஊருக்கு நமக்கு என்ன வேலை?" என்று கேட்டீர்கள். காரைக்காலில் வாழ்கிறவர் அப்படிக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் ஊரில் விலை குறைவு என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டு, கடை வாசலிலேயே விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஈரல் கெட்டு வந்தவர்கள் எத்தனை பேருக்கு நீங்கள் மருந்து கட்டிக் கொடுத்திருப்பீர்கள்! அந்தக் கோபம் உங்களிடமிருந்துதான் எனக்கும் வந்தது. ஆனால் அப்பா, அந்த ஊரில் நான் பார்க்க ஆசைப்படுவது ஒரு ஆஸ்பத்திரியை. அதைப் பற்றி ஃபோனில் விலாவாரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தை ஒருமுறை காலண்டர் அனுப்பியிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று கோலம் போட்ட மாதிரி ஓடு வேய்ந்த ஒரு பெரிய கட்டடத்தின் படம் அதில் இருந்தது. அரண்மனை என்றுதான் நாம் நினைத்தோம். அது ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் போன் என்ற ஊரில் இருக்கிறது. பெயர் ஒத்தேல் தியூ, கடவுளின் இல்லம் என்று அர்த்தம். அந்த வண்ண ஓடெல்லாம் உள்முற்றத்துப் பக்கம்தான். தெருவில் நின்று பார்த்தால் சாதாரணச் சாம்பல் நிறக் கூரை.

1443இல் இதைத் தொடங்கியவர் நிக்கோலா ரோலேன். பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர், பெரிய பணக்காரர். கூடவே நின்றவர் அவர் மனைவி கிகோன் த சலேன். நூறாண்டுப் போர் நாட்டைச் சுரண்டிப் போட்டிருந்த காலம் அது. வேலையற்ற படைவீரர்கள் ஊர் ஊராகக் கொள்ளையடிக்க, பஞ்சமும் கொள்ளைநோயும் பின்னாலேயே வந்தன. முதல் நோயாளி உள்ளே வந்தது 1452 ஜனவரி 1ஆம் தேதி. ஆயிரக்கணக்கானவர்களை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டுவது நியாயம்தான் என்று அரசர் 11ஆம் லூயி ரோலேனைப் பற்றிச் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. இருக்கட்டும். ரோலேனின் எண்ணம் எதுவானாலும் அங்கே படுத்து எழுந்தவர்களுக்குக் கிடைத்தது கட்டிலும் கஞ்சியும் கவனிப்பும். கணவர் 1462இல் இறந்தபின் கிகோன் அம்மையார் தன் கடைசிக் காலத்தை இந்த மருத்துவமனைக்கே கொடுத்தார். 1470இல் இறந்தபோது நோயாளிகள் படுத்திருந்த அந்தக் கூடத்தை ஒட்டிய வழிபாட்டு இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். எனக்கு ரோலேனைவிட இந்த அம்மாள்தான் பெரிதாகத் தெரிகிறார்.

இப்போது ஒயின் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பங்கு உப்பு வருமானத்திலிருந்து வந்தது. 1457இல் ஒருவர் தன் திராட்சைத் தோட்டத்தை மருத்துவமனைக்கு எழுதி வைத்தார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுதி வைத்தார்கள், நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதுபோல. இன்றைக்கு அந்த நிலம் சுமார் 60 ஹெக்டேர். அதில் விளையும் திராட்சையை ஒயினாக்கி, 228 லிட்டர் பீப்பாய் கணக்கில் ஏலம் விடுகிறார்கள். 1859இலிருந்து நடக்கும் ஏலம் இது. ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, உலகம் முழுவதிலுமிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பழைய கட்டடத்திலிருந்து நோயாளிகளை 1971இல் நவீன மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். ஏலப்பணம் இன்றும் அங்கே கருவிகள் வாங்கவும் கட்டடம் கட்டவும் உதவுகிறது. குடியால் ஆஸ்பத்திரி நிரம்புவதைப் பார்த்த நமக்கு, ஒயினால் ஆஸ்பத்திரி நடந்த ஊர் ஒன்று இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இங்கே என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து, நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, எல்ஆர்டி ரயிலில் வீட்டுக்கு வந்து சேரும்போது துன் சம்பந்தன் சாலையில் தோசைக் கடைகள் திறந்திருக்கும். பூக்கடை அக்கா, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்காமல் விடமாட்டார். வார்டில் மலாய் இப்போது தடுமாறாமல் வருகிறது. சீனப் பாட்டிகளுக்குக் கண் ஜாடை போதும். தமிழ்ப் பாட்டி யாராவது வந்தால் அன்றைக்கு எனக்கு அம்மா வீட்டுக்குப் போன மாதிரி. ஒரு பாட்டி இருந்தார், இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வலது கை விரல்கள் வளைந்து அப்படியே இறுகிப்போயிருந்தன. ஊசி போட நரம்பு தேடும்போது அந்தக் கையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கதை சொல்வார். காய்ச்சல் என்றால் டிரசரை, அதாவது தோட்டத்து மருந்துக்காரரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டுமாம். கள்ளுக்கடை மட்டும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்குமாம். சம்பள நாளில் ஆண்கள் நேராக அங்கே போய்விடுவார்களாம். 1940களில் கெடா பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்களே தொண்டர் படை என்று திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்திருக்கிறார்கள். உழைத்த கூலியைக் கள்ளு எப்படி உறிஞ்சியது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

அப்பா, அவசரப் பிரிவில் இருந்தபோது பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். கட்டட வேலையில் கீழே விழுந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரைக் கூட்டாளிகள் தூக்கி வந்தார்கள். முதலுதவி செய்துவிட்டோம். மேலே அட்மிட் செய்ய முன்பணம் கட்ட வேண்டும். கவுண்டருக்கு முன்னால் சிமெண்டு படிந்த கையோடு நான்கைந்து பேர் நின்று, கசங்கிய பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளை நீவி நீவி அடுக்கி எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த நாட்டுக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம், அது பெரிய விஷயம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அன்றிலிருந்துதான், காசே கேட்காத ஒரு படுக்கைக்கு யாரோ முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்தார்கள் என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். இங்கேயும் அப்படித் தொடங்கியவை உண்டு. புடு சாலையில் துங் ஷின் மருத்துவமனை, ஈயச் சுரங்கத் தொழிலாளிகள் செத்து விழுந்த காலத்தில் சீனர்கள் தர்மத்துக்கு ஆரம்பித்தது. பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையைக் கன்னியாஸ்திரிகள் 1954இல் தொடங்கினார்கள்.

போன் நகர ஆஸ்பத்திரியில் ஏழைகளின் கூடம் என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருப்பார்களாம். கூடத்தின் கோடியிலேயே பீடம், எழ முடியாதவர்கள் படுத்த இடத்திலிருந்தே பூசை கேட்கலாம். அந்தப் பீடத்துக்காக ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியத்தை இப்போது தனி அறையில் வைத்திருக்கிறார்கள். பூஸேஸ் என்ற சிற்றாறு கட்டடத்துக்கு அடியில் ஓடுகிறது, கழிவையெல்லாம் அதில் விட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு அது நல்லதில்லைதான், ஆனால் 15ஆம் நூற்றாண்டில் வார்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள யோசித்திருக்கிறார்களே!

உங்களுக்கென்று ஒரு இடம் தனியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே பழைய மருந்தகம் அப்படியே இருக்கிறது. வரிசை வரிசையாகப் பீங்கான் ஜாடிகள், பெரிய வெண்கல உரல். ஜாடி, புட்டிகளின் மேலுள்ள பெயர்களில் நண்டு வகையின் கண், மரப்பேன் பொடி, அப்புறம் எட்டிக்கொட்டைப் பொடி! நம் பக்கத்து எட்டிக்கொட்டை அவ்வளவு தூரம் போய் அந்த அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அளவு மருந்து, எவ்வளவு தாண்டினால் விஷம் என்று நீங்கள் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே நிற்பதை நான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாடித் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி 1860 வாக்கில் செய்த எத்தியேன் ஜூல் மரே பிறந்தது இதே போன் நகரில்தான், 1830இல். இரவெல்லாம் மானிட்டரில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அவர் ஊரை மிதிக்காமல் எப்படி?

அம்மாவுக்குக் கடுகு. பர்கண்டி கடுகு அரைப்புக்குப் பேர்போன இடம். போன் நகரில் ஃபலோ என்று 1840இலிருந்து இருக்கும் ஆலை, இன்றும் கல்லில் அரைக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல் சந்தை கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, தேனும் சோம்பும் போட்ட ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஓட்டல் சாப்பாடு நமக்குச் சரிப்படாது. அங்கே மாட்டிறைச்சியும் நத்தையும்தான் பெருமை. அதனால் சமையலறையோடு கூடிய வீடாகத்தான் எடுப்பேன். ரசப்பொடியும் அரிசியும் அத்தை தருவார்.

எப்போது போவது என்று நிறைய யோசித்தேன். நவம்பரில் ஏலம் பார்க்கலாம், ஆனால் அந்த வாரம் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது, குளிரும் அம்மாவுக்கு ஆகாது. செப்டம்பரில் அறுவடை. ஆசையாகத்தான் இருக்கிறது, அப்போதும் கூட்டம். ஆகவே மே மாதம். நம் ஊரில் கத்தரி வெயில் கொளுத்தும்போது அங்கே கொடிகளில் துளிர் விட்டிருக்கும். கம்பம் பந்தல் மாதிரி தலைக்கு மேல் இருக்காது, இடுப்பளவு உயரத்தில் கம்பியில் கட்டியிருப்பார்கள், அம்மா குனியாமலே தொட்டுப் பார்க்கலாம்.

பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் அத்தை வீட்டில் ஒரு வாரம். அங்கிருந்து ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயில், நடுவில் மாறாமல் பாரிஸின் கார் த லியோன் நிலையத்துக்கே போகிறது. அதிவேக ரயிலில் டிஜோன் ஒன்றரை மணி நேரம் சொச்சம், பிறகு சின்ன ரயிலில் இருபது நிமிடம் அளவு. போன் நகரில் மூன்று இரவு. மதில் சூழ்ந்த சின்ன ஊர், நடந்தே பார்க்கலாம், ஆனால் தெருவெல்லாம் கல் பாவியது. முழங்கால் பயிற்சி ஏன் என்று இப்போது புரிந்ததா?

விசாதான் முதல் வேலை. என்னோடு வேலை பார்க்கும் மலேசியத் தோழிக்கு விசாவே தேவையில்லை, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நமக்கு ஷெங்கன் விசா வேண்டும். நீங்கள் சென்னையில் போடுங்கள், நான் இங்கே போடுகிறேன். ஆளுக்கு 90 யூரோ, அதை நான் கட்டிவிடுகிறேன். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடம் ஆகப்போகிறது என்று நினைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். அப்படியானால் உடனே புதுப்பிக்க வேண்டும். அத்தை தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நம்மை வரவேற்பதாகச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். மாமாவின் அப்பா 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) ஆயிற்றே, அந்த வீட்டாருக்கு மேரி நடைமுறையெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. நீங்களே அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணன் கேட்டால் அவர் அன்றைக்கே போய் வரிசையில் நிற்பார்.

ஒயின் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நேரத்தில் நாம் கடுகு ஆலைக்குப் போய்விடலாம்.

உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இந்த வாரமே தம்பியை விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுடையதையும் சேர்த்து. லீவு எழுதிக் கொடுக்க மேட்ரன் அம்மா தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்