சளி மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்க்கும்போது

அன்புள்ள மகளுக்கு,

சளி மருந்து எதை எதையோ திரும்பப் பெறுகிறார்களே, நம் வீட்டில் இருப்பதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். குழந்தை தூங்கிய பிறகு மருந்து டப்பாவை அப்படியே மேஜையில் கொட்டிக்கொண்டு உட்கார். நல்ல வெளிச்சம் வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிற பெயரை முதலில் மறந்துவிடு. அது வியாபாரப் பெயர். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மருந்தைக் கம்பெனி மாற்றிவிடும். ஃபீனைல்புரோபனோலமைன் கதை அப்படித்தான். மூக்கடைப்புக்குப் பல வருஷம் சளி மாத்திரைகளில் இருந்த மருந்து அது. மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயத்தைக் கூட்டுகிறது, அதுவும் பெண்களுக்கு, என்று யேல் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்ததும், 2000 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் தடை வந்தது 2011இல். நிறுத்திய பிறகு பல மாத்திரைகள் வேறு மருந்தோடு அதே பெயரில் மறுபடி கடைக்கு வந்தன. பழைய அட்டையும் புது அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், பெயரை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாடு விலக்கிய மருந்து இன்னொரு நாட்டில் பத்து வருஷம் விற்றிருக்கிறது, பார். அதனால் ஊருக்கு ஊர் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த மருந்துகளைத் தனியாக எடுத்து வை, அவற்றை முதலில் பார்.

பின்பக்கத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" அல்லது "ஒவ்வொரு 5 மில்லியிலும்" என்று ஆரம்பிக்கும் வரி இருக்கும். அதன் கீழே உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுது, மில்லிகிராம் அளவோடு. அட்டை கிழிந்து அந்த வரியே இல்லையென்றால் யோசிக்காதே, ஒதுக்கிவிடு.

எழுதிய பட்டியலில் ஃபோல்கோடின் என்று ஏதாவது இருமல் மருந்தில் இருந்தால் அதை எடுத்துவிடு. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பிறகு ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்கும்போது, தசையைத் தளர்த்தும் மருந்தால் கடுமையான ஒவ்வாமை வரலாம். 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை இதை விலக்கச் சொன்னதற்கு அதுதான் காரணம். இருமல் மருந்தைச் சாப்பிட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும் இது நடக்கலாம். கோடீன் இருந்தால் 12 வயதுக்குக் கீழே தொடவே கூடாது. சில பிள்ளைகள் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு மந்தமாகும். சூடோஎஃபெட்ரின் உன் மாமியாருக்கு வேண்டாம், பிரஷர் ஏற்றும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருந்தால், வீட்டில் யாராவது மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார்களா என்று யோசி. இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் என்று கொண்டுபோய் விடும்.

ஃபீனைலெஃப்ரின் பாதி மாத்திரைகளில் இருக்கும். பெயர் ஃபீனைல்புரோபனோலமைன் போலத் தெரிந்தாலும் அது வேறு, இது வேறு. இதில் பெரிய ஆபத்து இல்லை, பெரிய பயனும் இல்லை. வாய்வழி சாப்பிட்டால் மூக்கடைப்புக்குக் கேட்பதில்லை என்று 2023இல் எஃப்டிஏ-வின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இருப்பதைப் பயந்து தூக்கி எறிய வேண்டாம், இனிமேல் காசு கொடுத்து வாங்காதே.

தடை செய்த மருந்தைத் தேடுகிற பரபரப்பில் எல்லாரும் கோட்டைவிடுவது பாராசிட்டமாலைத்தான். அமெரிக்க டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. சளி மாத்திரையில் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று என்றால் 1500. காய்ச்சல் தனியாக இருக்கிறதே என்று 650 மாத்திரையை நான்கு முறை போட்டால் 2600. மொத்தம் 4100. பெரியவர்களுக்கு ஒரு நாள் எல்லையே 4000தான். கல்லீரல் கெட ஆரம்பிக்கும்போது உடம்பு பெரிதாக எதுவும் காட்டாது, முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும். அதனால் பாராசிட்டமால் உள்ள எல்லாவற்றிலும் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வை. கோடு போட்டதில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான்.

குழந்தைக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் வரும். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். சிரப்பில் பெரும்பாலும் 5 மில்லிக்கு 120 அல்லது 125. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். அளவுக்கு டப்பாவோடு வந்த மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச்தான், சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம். நாலு வயது ஆகும்வரை சளி இருமல் கலவை எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதே. மூக்கில் உப்புத்தண்ணீர் சொட்டு விடு, அதுவே பாதி வேலையைச் செய்யும்.

இனி திரும்பப் பெறுகிற விஷயம். தடை என்பது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வருவது. திரும்பப் பெறுவது பெரும்பாலும் பேட்ச் நம்பரைப் பார்த்து, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்குக் கம்பெனி போடும் எண்ணைப் பார்த்து. சிரப் தயாரிக்கக் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ சேர்ப்பார்கள். அதன் இடத்தில் மருந்துத் தரம் இல்லாத தொழிற்சாலைச் சரக்கு வந்துவிட்டால் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருக்கலாம். அதுவும் கெட்டியாக, நிறமில்லாமல், இனிப்பாகவே இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். அனுமதித்த அளவு 0.1 சதவீதம். 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் சிரப்பின் எஸ்ஆர்-13 பேட்ச்சில் இருந்தது 48.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில், இதே போல நச்சு கலந்த வேறு சிரப்புகளால், சுமார் எழுபது குழந்தைகள். அந்தக் கோல்ட்ரிஃப் பாட்டிலுக்குக் காலாவதி 2027 ஏப்ரலில்தான். தேதி இருக்கிறதே என்று நம்புவதற்கு இது பதில். முகர்ந்தோ, ருசித்தோ, நிறம் பார்த்தோ கண்டுபிடிக்க வழியே கிடையாது, நம்பர் ஒன்றுதான் வழி. நீ இருக்கிற நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைத் தளத்தில் பெயரையும் நம்பரையும் போட்டுத் தேடு. வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல் வேண்டாம், அதில் நம்பரே இருக்காது.

சந்தேகமான சிரப் உள்ளே போயிருந்து, குழந்தை வாந்தி எடுத்தால், வயிறு வலிக்கிறது என்றால், முக்கியமாகச் சிறுநீர் குறைந்தால், காத்திருக்காதே. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. கழுவிவிடாதே, மிச்சம் இருந்தால்தான் பரிசோதிக்க முடியும்.

அட்டையைக் கையில் எடுத்துப் பார். பேட்ச் நம்பரும் தேதியும் பெரும்பாலும் ஒரே ஒரு ஓரத்தில்தான் குத்தியிருக்கும், அதுவும் மை இல்லாமல், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நாம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கிழிப்போம். நம்பர் இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையை எடு. சிரப்பைத் திறந்த அன்று தேதியை பாட்டில் மேலேயே எழுது. வெளி அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதே, சில மருந்துகளுக்கு முழு விவரமும் அதில்தான் இருக்கும்.

கழித்துக் கட்டுவதைக் கழிப்பறையில் ஊற்ற வேண்டாம். மருந்துக்கடையில் திரும்ப வாங்கினால் கொடுத்துவிடு. இல்லையென்றால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, மூடிய பையில் குப்பையில் போடு.

முடிவு செய்ய முடியாதவற்றைப் படம் எடுத்து அனுப்பு, நான் பார்க்கிறேன். பின்பக்கத்தை எடு, நம்பர் உள்ள ஓரமும் சேர்ந்து விழட்டும்.

அன்புடன்,
அம்மா