பாதி வசனம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவக் குடும்பங்களில் விவாகரத்து பெருகுவதாகக் கவலைப்பட்டு, கடந்த ஞாயிறு இதழில் ஒரு போதகர் எழுதியதைப் படித்தேன். வேதாகமத்தில் மல்கியா 2:16ஐ அவரும் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மனைவியைத் தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்பது எங்கள் தோட்டத்துச் சபைகளில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும், அதாவது மனைவிக்குக் கொடுமை செய்கிறவனையும், அதே வசனம் கண்டிக்கிறதே, அதை மட்டும் ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை? தள்ளிவிடும் ஆணுக்குச் சொன்னதை, தள்ளப்பட்ட பெண்ணுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு பெண் குவைத்தில் வீட்டு வேலை செய்து காசு அனுப்பினாள். புருஷன் அதில் லயத்தோடு சேர்த்துக் குசினி எடுத்துக் கட்டினான். அவள் திரும்பி வந்தபோது அந்தக் குசினியில் வேறொருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சபையில் போய் அழுதாள். "பொறுமையா ஜெபம் பண்ணுங்க தங்கச்சி" என்றார் பாஸ்டர். அவள் விவாகரத்து வழக்குப் போட்டதும் சபையின் இராப்போஜனம் (திருவிருந்து) கிடையாது என்றார்கள். அவனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்மஸ் கேரலில் தபேலா அடித்ததே அவன்தான்.

மத்தேயு 19:9இல் இயேசுவே வேசித்தனத்தை விலக்காகச் சொல்லியிருக்கிறார். இலங்கைச் சட்டமும் சோரம், வன்மத்தோடு கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற குற்றத்தை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் விவாகரத்துத் தருகிறது. கண்டிய விவாகச் சட்டத்தில் பதிந்த சிங்களவர் இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே முடித்துக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி இல்லை. ஒரு வழக்குத் தவணைக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு. அப்புறம் லோயர் காசு. அதனால்தான் பலர் பொலிஸில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரிந்துவிடுகிறார்கள். அந்தக் கடதாசி விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணப் பதிவுக்குப் போக முடியாது. இதையாவது பிரசங்கத்தில் சொல்லலாம்.

கத்தோலிக்கர் விஷயம் வேறு. திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்பு வாங்கலாம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் அந்த நடைமுறையை எளிதாக்கினார். ஆனால் கோர்ட்டில் பிரிந்து, மறுமணம் செய்யாமல் இருப்பவர் அந்தப் பிரிவுக்காக மட்டும் நற்கருணையை விட்டு விலகத் தேவையில்லை என்பதே பலருக்குத் தெரியாது. பூசைக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

கத்தோலிக்கக் குருமாருக்குக் குடும்பம் இல்லை. நம் போதகர்களுக்கு இருக்கிறது. தன் வீட்டை நன்றாய் நடத்தத் தெரிந்தவனே சபையை நடத்த வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. விசுவாசி வீடு உடைந்தால் ஞாயிறு பிரசங்கத்துக்கே அதுதான் பொருள். போதகர் வீடு உடைந்தால் சத்தமில்லாமல் இடமாற்றம் கொடுப்பார்கள்; சுயாதீன சபை என்றால் அடுத்த டவுனில் புதுப் போர்டு. அவருடைய மனைவிக்குத்தான் போக்கிடம் இல்லை. இருந்த வீடு சபைக்குச் சொந்தம். முறையிடலாம் என்றால் அவளுடைய போதகரே அவளுடைய புருஷன்.

அந்தப் போதகர் அடுத்த முறை எழுதும்போது, தள்ளிவிட்ட ஆணைச் சபை எப்படி விசாரிக்கும், போதகரின் மனைவி யாரிடம் போய்ச் சொல்வாள் என்ற இரண்டுக்கும் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை