திருநின்றவூர் ஏரியின் எல்லையை அளந்து கல் நடக் கோரும் மனு

அனுப்புநர்: திருநின்றவூர் குடியிருப்போர், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவள்ளூர்.

பொருள்: திருநின்றவூர் ஏரியை நிலஅளவை செய்து எல்லைக்கல் நடுதல், உபரிநீர் வெளியேறும் கலங்கலையும் நீர்வரத்துக் கால்வாய்களையும் சீரமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ள எங்கள் ஊரை வெளியூரார் பலர் ஒரு புறநகர் ரயில் நிலையமாக மட்டுமே அறிவர். சுந்தரர் 'நின்றவூர்ப் பூசல்' எனப் போற்றிய பூசலார் நாயனாரின் ஊர் இது. பல்லவ மன்னன் காஞ்சியில் கற்றளி (கற்கோயில்) எழுப்பிய காலத்தில், கையில் பொருளில்லாத பூசலார் தம் மனத்திலேயே ஈசனுக்குக் கோயில் கட்டி முடித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் நினைவைத் தாங்கும் இருதயாலீசுவரர் கோயிலும், திருமங்கையாழ்வார் பாடிய பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இன்றும் வழிபாட்டில் உள்ளன.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வூர் வழியாகத்தான் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை சென்றது. பின்னர் ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபோது, அங்கு வேலைக்குச் சென்றோர் நகரத்து வாடகைக்கு எட்டாத தங்கள் வருமானத்தில் இங்கு மனை வாங்கிக் குடியேறினர். 2021இல் பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. விடியற்காலை மின்தொடர் வண்டியில் கிளம்பி இரவு திரும்பும் குடும்பங்களே இன்று ஊரின் பெரும்பகுதி.

வயல்கள் மனைகளான பின், ஏரி எதற்கு என்ற எண்ணம் சிலரிடம் வளர்ந்திருப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது. பாசனத் தேவை குறைந்தாலும் நிலத்தடி நீருக்கு இவ்வேரியே ஆதாரம். மழை மிகும் ஆண்டுகளில் ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுகிறது. ஏரி எங்கே முடிகிறது, மனை எங்கே தொடங்குகிறது என்பது களத்தில் தெளிவாக இல்லாத வரை இத்துயரம் தீராது.

எனவே, 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டத்தின்படி ஏரியை அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கலங்கலையும் கால்வாய்களையும் தூர்வாரவும் ஆணையிட வேண்டுகிறோம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து அறியாமல் மனை வாங்கியோரின் தரப்பை முழுமையாகக் கேட்ட பின்னரே அவர்கள் குறித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருநின்றவூர் குடியிருப்போர்