உன் வீட்டை என் வீடென்று சொல்லிவிட்டேன்

கோத்தகிரி
2025 செப்டம்பர்

அன்புள்ள தூக்குக்குண்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ அனுப்பிய அதிரசத்துக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எட்டு மாசம் ஓட்டிவிட்டேன், திட்டிக்கொள். இப்போது மட்டும் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதே. உன்னிடம் ஒரு திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கதை.

2005-ல், சுனாமிக்குப் பிறகு, நாம் வீடு கட்டிக் கொடுக்கப் போன இலங்கை மட்டக்களப்புக்குத் திரும்பப் போய்வந்தேன். ஆமாம்டா, உன்னிடம் சொல்லாமல்தான். சொன்னால் லீவு, லோன், மூட்டுவலி என்று பட்டியல் வாசிப்பாய், நானும் நின்றுவிடுவேன். 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்றே நமக்கு 20 வருஷம் போய்விட்டது.

2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, அதில்தான் போனேன். அப்பா 1972-ல் அந்தப் பக்கமிருந்து தலைமன்னார் வழியாக ராமேஸ்வரம் வந்தவர். மலையகத்து ஹட்டனில் அவர் ஏறிய ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பேர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிய 5,25,000 தோட்டத் தமிழர்களில் அவரும் ஒரு தலை. நான் போன கப்பலில் பாதிப் பேர் செல்ஃபி, பாதிப் பேர் வாந்தி. நான் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியும்.

கல்லடியில் இப்போது பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம். பழையதில் நடந்தேன். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு 'மீன் பாடுதுடா!' என்று நீ கண்ணீர் விட்ட இடத்தில் ஐந்து நிமிஷம் மரியாதையாக நின்றேன். இந்த முறை தண்ணீர் மோட்டார் ஏதும் ஓடவில்லை. சுனாமியில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோபுரத்தையும் பார்த்தேன். பார்த்ததும் நீ கட்டிய சுவர்தான் ஞாபகம் வந்தது.

திராய்மடுவில் மாமா, மாமிக்கு நாம் கட்டிய 17-ம் நம்பர் வீடு அப்படியே இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். இல்லை. 500 சதுர அடிக்குள் நாம் அளந்து அளந்து வைத்த சமையலறை இன்று மளிகைக் கடை. ஜன்னலை உடைத்துக் கடைக்கு வழி விட்டிருக்கிறார்கள். சமையல் பின்பக்கம், கிடுகுக் கொட்டிலில். புகை வெளியே போக வேண்டாமா, வரைபடம் போட்டவன் ஒருநாளாவது விறகடுப்பு ஊதியிருந்தால் அதைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்திருப்பானா? நாமும் கேட்காமல் புளக் கல் சுமந்தோம். மாமா கடைசிவரை கடலுக்குச் சைக்கிளில்தான் போய்வந்தாராம். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று உள்ளே தள்ளிக் கொடுத்த நிலம் இது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற நிலம். பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் நம் சுவர் எழும்பிவிட்டது.

நாம் வந்த மறு வருஷமே சண்டை திரும்பிவிட்டதல்லவா? அதைப் பற்றி மாமி சொன்னது இவ்வளவுதான்: "ஓடக்குள்ள கதவப் பூட்டிட்டுத்தான் ஓடின நாங்க மனே. திரும்பி வந்தாப் பூட்டுக் கிடக்கு, கதவக் காணல்ல."

நம் மேஸ்திரி பாஸ் போன வருஷம் தவறிவிட்டார். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் உன் சுவரை யாரும் தொடவில்லை! மேலே ஒன்றரை அங்குலம் உள்ளே சாய்ந்தே நிற்கிறது. அதில்தான் காலண்டர் மாட்டுகிறார்கள், அதன் அடிப்பக்கம் சுவரில் ஒட்டாமல் அந்தரத்தில் ஆடுகிறது. "காத்தடிச்சு அது ஆடக்குள்ள உங்க ரெண்டு பேரையும் நினைப்பம்" என்றார் மாமி. நீ ஜல்லி தீர்ந்துவிட்டது என்று கைநீட்டியதும் மாமா மடியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்த கதையைப் பேரப்பிள்ளைகள்வரை சொல்லி வைத்திருக்கிறார். அங்கே சல்லி என்றால் காசல்லவா, உன் பெயர் 'சல்லித் தம்பி'.

சிரித்து முடிந்து தேத்தண்ணி வந்தது. திடீரென்று கேட்டார்: "அப்பாக்கு வீடு கட்டிட்டியா மனே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பதை 2005-ல் எப்போது அவரிடம் சொன்னேன் என்றே நினைவில்லை. "எங்கட வீட்ட முடிச்சிட்டுப் போய் முதல்ல அப்பாக்குக் கட்டு" என்று அப்போதே சொன்னாராம். நானும் தலையாட்டினேனாம்.

டேய், எனக்கு 46 வயசு. அப்பா இன்னும் அதே இரண்டு அறை லைனில்தான். தங்கச்சிக்குத் தோட்டத்தில் வேலை இருப்பதால் அதுவும் தங்கியிருக்கிறது. கடல் தாண்டிப் போய் முன்பின் தெரியாதவர்களுக்குக் கல் சுமந்தவன், ஊருக்கு வந்து கடை, கல்யாணம், பிள்ளைகள் ஃபீஸ் என்று... உனக்குத் தெரியாததா. ஆனால் அந்த விறாந்தையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வாய் வரவில்லை. "கட்டிட்டேன் மாமி" என்றேன்.

"படம் இருக்கா?"

போனைத் துழாவினேன். கிரகப்பிரவேசத்துக்கு நீ அனுப்பிய படங்கள் இருந்தன. கரூரில் உன் வீடு, மொட்டைமாடியோடு. காட்டினேன். இதுதான் அந்தத் திருட்டு.

மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உங்கட ஊர் குளிர் எண்டியே, மாடியில வடகமெல்லாம் நல்லாக் காயுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் எனக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்தார். அந்த டம்ளரைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு!

திரும்பும்போது ஹட்டனும் போனேன். சித்தப்பா மகனுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது, 7 பேர்ச் நிலத்தில். பக்கத்திலேயே பழைய லயம் (நம் லைன் வீடுதான்), அதில் இன்னும் ஆள் குடியிருக்கிறது.

வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், பொய் உட்பட. 53 வருஷமாக இந்த மலையில் இருக்கிற மனுஷன், கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை பேர்ச்?" 7 என்றேன். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். 4 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. என்னிடம் இருப்பது 3 சென்ட், 5 பேர்ச்கூட வராது.

தை பிறந்ததும் கடைக்கால் எடுக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நிலம் சரிவு. 2009 நவம்பரில் இங்கே மண் எப்படி இறங்கியது என்று நேரில் பார்த்தவன் நான். முதலில் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவர், தண்ணீர் வெளியேற அதில் குழாய், அதற்குப் பிறகுதான் வீடு. விறகடுப்பு வெளியே. அப்பா இப்போதே குச்சி நட்டுக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார். நான் ரசமட்டம் பிடிக்கிறேன். நீ பத்து நாள் வா. தடுப்புச் சுவரில் மட்டும் கைவைக்காதே. உனக்கென்று உள்ளே ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறேன், காலண்டர் மாட்ட.

சொந்தக் காரில் வந்தால் மறக்காமல் இ-பாஸ் எடு. பிளாஸ்டிக் பாட்டிலோடு குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் பண்ணாதே. மாமிக்கு அனுப்ப உன் பேரக்குழந்தையின் படம் ஒன்று வேண்டும். அதை உன் பேரன் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

உன்
ரசமட்டம்